‘அரிய’ என்று எழுதிய உறை

வரலாற்றில் நிகழ்ந்த பேரிழப்புகள் ஒவ்வொன்றுக்கும் அடிப்படைக் காரணம் ஒன்றும் உடனடிக் காரணம் ஒன்றும் உண்டு. எனக்கு நேர்ந்த இழப்பின் அடிப்படைக் காரணம், நான் தமிழை முறையாகக் கற்றது. உடனடிக் காரணம், ஒரு ஸ்கெட்ச் பேனாவில் மை தீர்ந்தது.

என் பெயர் மு. முகம்மது நூகு, பி.ஏ. சிவகாசியில் பழைய காகிதக் கிட்டங்கி வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். நாற்பத்தொன்றாம் வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதினேன். ஐம்பதாம் வயதில், தொலைநிலைக் கல்வி வாயிலாக வரலாற்றில் பட்டம் பெற்றேன். அவ்வழியில் ‘அமெரிக்க வரலாறு’ என்னும் தாள் மட்டும் என்னை ஒருமுறை வீழ்த்தியது. நூற்றுக்கு இருபத்திரண்டு. வீழ்த்திய பாடத்தைக் கண்டு ஓடுதல் தகாது என்று கருதி, மறுமுறை அறுபத்தொன்று பெற்றேன். அதனோடு நில்லாமல், அந்நாட்டு வரலாறு தொடர்பான பழைய நூல்களையும் துண்டுத் தாள்களையும் சேகரிக்கத் தொடங்கினேன்.

சிவகாசியில் அமர்ந்துகொண்டு அமெரிக்கத் தாள்களைச் சேகரிப்பது எங்ஙனம் என்று வினவுவோர் உளர். விடை எளிது. அமெரிக்கர் கழித்த காகிதம் கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது. ஆலைகள் அதனைக் கூழாக்குகின்றன. கூழுக்கு ஆகாதென ஆலைகள் ஒதுக்கும் பொதிகள் என் கிட்டங்கியை அடைகின்றன. இங்கே அவை அளவாக வெட்டப்பட்டு, வெடிக்குழாய் உருட்டும் கூடங்களுக்குச் செல்கின்றன. ஆக, அவர்களுடைய வரலாறு நம்முடைய தீபாவளியாக மாறும் வழியில் என் கடை அமைந்துள்ளது. அவ்வழியில் நின்று சிலவற்றை நான் மீட்டேன். விதை வணிகர் ஒருவரின் விலைப்பட்டியல், நீராவிப் படகின் பயணச்சீட்டு, அட்டையிழந்த உள்நாட்டுப் போர் நூல், 1891இல் யாரோ ஓர் ஆசிரியை யாரோ ஒரு மாணவனைக் குறித்துக் ‘கவனம் போதாது’ என்றெழுதிய மதிப்பெண் அட்டை ஆகியன அவற்றுள் சில. இவ்வட்டையை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு.

இவை அனைத்தும் வீட்டிலுள்ள இரும்புப் பீரோவில் உள்ளன. அங்கிருந்த பட்டுப் புடவைகள் தகரப் பெட்டிக்கு இடம்பெயர்ந்தன. அது குறித்து என் மனைவி பல்கீஸ் ஒருமுறை கூறியதை அவ்வாறே தருகிறேன்.

“ஊரு ஒலகத்துல எல்லாரும் குப்பைய வெளிய போட்டுப் புடவைய உள்ள வைப்பாக. இங்கன என்னடான்னா, அமெரிக்காக்காரன் போட்ட குப்பை பீரோவுக்குள்ள, எங்கம்மா வீட்டுப் பட்டு பெட்டிக்குள்ள.”

என் சேகரிப்பின் தலையாய பொருள் ஒரு துண்டறிக்கை. நம்மூர்ச் சினிமாச் சுவரொட்டியின் பாதி அளவு. மேப்பிள்டன் என்னும் சிற்றூரார், தங்கள் நாடு விடுதலை பெற்ற நூறாம் ஆண்டு விழாவை அறிவித்து வெளியிட்டது. உச்சியில் ‘ஜூலை 4, 1876’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன்கீழ் பீரங்கி முழக்கம், பேண்டு வாத்தியம், அனைவர்க்கும் எலுமிச்சைச் சாறு, இறுதியில் மாபெரும் வாணவேடிக்கை எனப் பட்டியல் நீண்டது. ‘குதிரைகளைத் தொலைவில் கட்டுக’ என்னும் எச்சரிக்கையோடு அறிக்கை முடிவுற்றது. அது மறுபதிப்பன்று என்பதை நான் விரலாலேயே அறிந்தேன். பின்புறம் தடவினால் எழுத்துகள் கைக்குத் தட்டுப்பட்டன. ஈய எழுத்துக் கோத்து அமுக்கிய அச்சு அது. சிவகாசிக்காரனை இதில் ஏமாற்ற இயலாது.

இத்தாளுக்கு ஒரு நற்காலம் வாய்த்தது. விருதுநகரில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை, ஞாயிற்றுக்கிழமை ஆவணக் கண்காட்சி ஒன்றை நடத்த முடிவு செய்தது. அத்துறையின் பேராசிரியை அருணாதேவி, தொலைநிலைக் கல்வியில் எனக்கு நேர்முக வகுப்பு எடுத்தவர். அவர் எனக்கு ஒரு கண்ணாடிப் பேழையை ஒதுக்கினார். அழைப்பிதழில் என் பெயர் அச்சாயிற்று. ‘சேகரிப்பாளர் திரு. மு. முகம்மது நூகு, பி.ஏ.’ என்று அதிலிருந்தது. அதுவரை இவ்வூரார் என்னைப் ‘பேப்பர் பாய்’ என்று அழைத்தார்களேயன்றி, பட்டத்தோடு எவரும் அழைத்திலர். அழைப்பிதழை உறவினர் அனைவருக்கும் அனுப்பினேன். என்னை எட்டாம் வகுப்பில் நிறுத்திய மாமுவுக்கு இரண்டு அனுப்பினேன்.

பேராசிரியை ஒரே ஒரு விதி வகுத்திருந்தார். ஆண்டு இன்னதென்று ஆவணத்திலேயே இருத்தல் வேண்டும். ஆண்டில்லாத ஆவணத்திற்குப் பேழை இல்லை. என் தாளின் நெற்றியிலேயே ஆண்டு இருந்தமையால் நான் கவலையற்றிருந்தேன்.

இனி என் கிட்டங்கியின் நடைமுறையைக் கூறுதல் வேண்டும். முன்னர்ப் பொதிகளின்மேல் ‘சார்ட்டிங்’, ‘கட்டிங்’, ‘லோடு’ என்றெழுதும் வழக்கம் இருந்தது. பட்டம் பெற்றபின் நான் அவற்றை ஒழித்து, ‘பிரிக்க’, ‘வெட்ட’, ‘ஏற்ற’ என நல்ல தமிழில் எழுதும் முறையைப் புகுத்தினேன். பணியாளர்கள் விரைவில் பழகிக்கொண்டனர். சொல்லைக் கண்டதும் செயல், கேள்வி கிடையாது. இருபதாண்டுகளாக வெட்டும் எந்திரத்தில் நிற்கும் கண்ணுச்சாமி இவ்வொழுங்கில் முதல்வர்.

கண்காட்சிக்கு முந்தைய வாரம், சட்டம் போடக் கொடுப்பதற்காகத் துண்டறிக்கையைப் பெரிய காக்கி உறையிலிட்டுக் கிட்டங்கி மேசைமேல் வைத்தேன். உறையின்மேல் ‘அரிய ஆவணம்’ என்று எழுத முற்பட்டேன். ‘அரிய’ என்பது முடிந்ததும் பேனா உயிர்விட்டது. நாளை முடிப்போம் என்று விட்டுவிட்டேன்.

இங்கு இலக்கணக் குறிப்பொன்று இன்றியமையாதது. ‘அரிய’ என்பது ‘ஆவணம்’ என்னும் பெயரைக் கொண்டு முடியுமாயின் குறிப்புப் பெயரெச்சம். எளிதிற் கிடைக்காத என்பது பொருள். பெயரின்றித் தனித்து நிற்குமாயின், அரிவாள்மணையில் வெண்டைக்காய் அரிய என்பதுபோல, ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வேறுபாட்டைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான்.

திங்கட்கிழமை காலையில் கண்ணாடிப் பேழையை அளந்து வர விருதுநகர் சென்றேன். கிட்டங்கிக்கு மறுநாள் நண்பகலில்தான் வந்தேன். மேசைமேல் உறை இருந்தது. அது நன்றாக மடிக்கப்பட்டு, வெறுமையாக இருந்தது.

கண்ணுச்சாமியிடம் வினவினேன். அவர் முகத்தில் குற்றவுணர்ச்சி எள்ளளவும் இல்லை.

“நீக எழுதுனதத்தான செஞ்சேன் பாய். அரியன்னு போட்டிருந்தீக. அரிஞ்சுட்டேன்.”

வெட்ட வேண்டுமாயின் ‘வெட்ட’ என்றல்லவா எழுதுவேன் என்று கேட்டேன்.

“அதையும் யோசிச்சேன். வெட்டன்னா பெரிய குழாய்க்கு அகலமா வெட்டுறது. அரியன்னா குருவி வெடிக்குப் பொடிசா அரியிறது. படிச்ச மனுசன், புதுசா ஒரு சைசுக்குப் பேரு வச்சிருக்காகன்னு நெனச்சேன்.” சற்று நிறுத்தி, “பன்னெண்டு துண்டு பாய். ஒரு நூலு கூடக் கொறையாது” என்றார்.

அவருடைய தருக்கத்தில் பிழை காண நான் நெடுநேரம் முயன்றேன். இயலவில்லை. பன்னிரண்டு துண்டுகளும் முந்தின நாள் கட்டோடு சேர்ந்து நாரணாபுரத்திற்குச் சென்றுவிட்டன என்பதை அறிந்து, அவரையே மொபெட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

நாரணாபுரத்தில் குழாய் உருட்டும் கூடத்தை நடத்துபவர் வெள்ளைத்தாய் என்னும் அம்மையார். எட்டுப் பெண்கள் அவரிடம் வேலை செய்கின்றனர். காகிதத்தைக் கண்ணால் பாராமல் இரு விரலுக்கிடையே தேய்த்து, இது ரேஷன் கடைப் படிவம், இது பள்ளிக்கூட நோட்டு என்று கூற வல்லவர். நான் சொல்லத் தொடங்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

“அந்த மஞ்சப் பேப்பரா? பிடிவாதம் புடிச்ச பேப்பரு பாய் அது. மொதத் துண்ட உருட்டையிலேயே முறுக்கிக்கிட்டு, பசை குடிக்க மாட்டேன்னுருச்சு. ஒண்ணோட விட்டுட்டேன். மிச்சம் அங்கன கெடக்கு பாருங்க.”

பசைச் சட்டியின் அருகே பதினொரு துண்டுகள் கிடந்தன. அவற்றுள் ஒன்றின்மேல் ஒரு பருப்பு வடை இருந்தது. அம்மையார் வடையை எடுத்து உண்டுவிட்டுத் துண்டை என்னிடம் தந்தார். நான் தரையிலமர்ந்து அவற்றை வரிசைப்படுத்தினேன். பீரங்கி இருந்தது. பேண்டு இருந்தது. எண்ணெய்க்கு ஊடே எலுமிச்சைச் சாறும் இருந்தது. குதிரைகளும் நலம். முதல் துண்டு மட்டும் இல்லை. ஆண்டு எழுதிய நெற்றி அதுவே. அது குழாயாகி, காலையிலேயே பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டது.

அங்கே போர்மேன் செல்லப்பாண்டி எனக்குப் பழக்கமானவர். வாயிலில் கைப்பேசியைக் கொடுத்து, செருப்பைக் கழற்றி, உடம்பின் மின்னூட்டம் இறங்கச் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனேன். வெள்ளைத்தாய் அனுப்பிய முதல் கட்டு எதுவென்று அவர் உடனே காட்டினார். நாற்பத்தெட்டுக் குழாய்கள். அனைத்திலும் மருந்து அடைத்து முடிந்திருந்தது. மேலே பச்சைத் தாள் சுற்றியிருந்தமையால் அனைத்தும் ஒரே தோற்றத்தில் இருந்தன. ஒன்றை மட்டும் மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாகாதா என்று பணிவுடன் கேட்டேன்.

“மருந்து ஏறிருச்சுன்னா அது காயிதம் இல்ல பாய், வெடி. பிரிச்சா ஒங்க அமெரிக்காவும் இருக்காது, எங்க ரூமும் இருக்காது.”

நீரில் நனைக்கலாமா என்றேன். மருந்தை நனைப்பதற்கு வேறு விதிகள் உண்டென்று அவற்றை ஒவ்வொன்றாகக் கூறினார். வெளியே கொடுத்தனுப்பவும் வழியில்லை. இறுதியில் அவரே ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கட்டிலும் சில வெடிகளைச் சோதனைத் திடலில் வெடித்துப் பார்ப்பது நடைமுறை. இக்கட்டு முழுவதையும் சோதனைக்கென எழுதிக்கொள்வதாகவும், திரி வைத்துக் காய்ந்ததும் வியாழக்கிழமை வெடிக்கலாம் என்றும் கூறினார்.

ஆவணத்தை மீட்பதற்கு விதிகள் அனுமதிக்கும் ஒரே வழி அதனை வெடித்தல் என்பதை ஏற்க எனக்குச் சிறிது நேரம் பிடித்தது. எனினும் நம்பிக்கை இழக்கவில்லை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் சிதறிக் கிடக்கும் தாள்களில் எழுத்துகள் தெளிவாகத் தெரிவதை இவ்வூரில் யார்தான் கண்டதில்லை? ‘1876’ என்னும் நான்கு எண்கள் பிழைத்தால் போதும்.

வியாழக்கிழமை பிற்பகல் திடலில் ஐவர் கூடினோம். செல்லப்பாண்டி வெடிப்பதற்கு. வெள்ளைத்தாய் தாளை அடையாளம் காண்பதற்கு. கண்ணுச்சாமி மனம் வருந்துவதற்கு. பல்கீஸ் பிளாஸ்கில் தேநீரோடு வந்திருந்தாள். திருமணமான இத்தனை ஆண்டுகளில் என் சேகரிப்பில் அவள் ஆர்வம் காட்டியது அன்றுதான்.

முறை பின்வருமாறு. ஒரு வெடி வெடிக்கும். செல்லப்பாண்டி கையசைப்பார். நால்வரும் குனிந்து சிதறலைப் பொறுக்குவோம். முதல் வெடியில் யாருடைய மின்கட்டண அட்டையோ கிடைத்தது. நான்காவதில் ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பு. பதினேழாவதில் தொலைநிலைக் கல்வி வினாத்தாளின் ஒரு மூலை வந்தது. ‘ஏதேனும் ஐந்தனுக்கு விடையளி’ என்றிருந்தது. இருபதாவதற்குப் பின் அனைவர்க்கும் இடுப்பு வலித்தது. குனியாமல் நின்று பார்த்தவர் செல்லப்பாண்டி ஒருவரே. சத்தம் சீராக இருப்பதாக அவர் மட்டும் மகிழ்ந்தார்.

முப்பத்தொன்றாவது வெடி சற்று உரத்து ஒலித்தது.

“அதுதான்” என்றார் வெள்ளைத்தாய். “நல்ல பேப்பருக்கு நல்ல சத்தம்.”

அவர் கூறியது சரியாயிற்று. வேலியோரம் மஞ்சள் நிறத் துண்டொன்றைக் கண்ணுச்சாமி கண்டெடுத்து, உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்தார். அதில் ‘ஜூலை 4, 18’ என்றிருந்தது. அதற்கப்பால் கருகியிருந்தது. எஞ்சிய இரண்டு எண்களையும் மணலைச் சலித்துத் தேடினோம். அவை வானில் கலந்துவிட்டன. மிச்சமிருந்த பதினேழு வெடிகளையும் செல்லப்பாண்டி வெடித்து முடித்தார். நாற்பத்தெட்டு என்று எழுதியாயிற்று, இனி எண்ணிக்கை மாறக்கூடாது என்றார்.

நான் ஒரு கல்லின்மேல் அமர்ந்தேன். ஆண்டு எனக்குத் தெரியும். ஆனால் தெரிவது போதாது, தாளில் இருத்தல் வேண்டும். ‘18’ என்பது ஒரு நூறாண்டின் பெயரேயன்றி ஓர் ஆண்டின் பெயரன்று. ஞாயிறன்று பேழை வெறுமையாக நிற்கும். மாமு விருதுநகர் வரை வந்து அதைப் பார்ப்பார். பேராசிரியைக்கு என்ன விடை கூறுவது என்று நான் எண்ணிக்கொண்டிருக்கையில், வெள்ளைத்தாய் அருகில் வந்து அமர்ந்தார்.

“அந்த நோட்டீசுல மிச்சம் என்னதான் போட்டிருக்கு?”

சட்டைப்பையிலிருந்து பதினொரு துண்டுகளையும் எடுத்து, ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் பொருள் கூறினேன். நம் நாடு விடுதலை பெற்று இன்றோடு நூறாண்டு நிறைவதால், ஊர்மக்கள் அனைவரும் திரண்டு வந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்.

“அவுகளுக்கு எந்த வருசம் விடுதலை கெடச்சது?”

“ஆயிரத்து எழுநூற்று எழுபத்தாறு” என்றேன். இதற்கு நான் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டு மதிப்பெண் வினா.

வெள்ளைத்தாய் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் விரலைக்கூட மடக்கவில்லை.

“அதோட நூறைக் கூட்டுனா ஆயிரத்து எண்ணூத்தி எழுவத்தாறு. வருசந்தான் ஒங்க பையிலயே இருக்கே பாய். இதுக்கா இம்புட்டு வெடிய வெடிச்சீக?”

செல்லப்பாண்டி வெறுமையான அட்டைப்பெட்டியை ஒருமுறை பார்த்தார்.

“கூட்டல் எந்த வகுப்புல வரும்?” என்று பல்கீஸ் பொதுவாகக் கேட்டாள்.

“ரெண்டாப்புல” என்றார் கண்ணுச்சாமி.

“பி.ஏ.ல வராதாக்கும்” என்று சொல்லிவிட்டு, அவள் எனக்குத் தேநீர் ஊற்றினாள்.

வரலாற்றுப் பட்டப்படிப்பில் கணிதம் கட்டாயப் பாடமன்று என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அன்று திடலில் அதை நான் கூறவில்லை.

மறுநாள் பேராசிரியை அருணாதேவியிடம் அனைத்தையும் மறைக்காமல் கூறினேன். அவர் துண்டுகளை மேசைமேல் வரிசையாகப் பரப்பினார். கருகிய முதல் துண்டை உச்சியில் வைத்தார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி நெடுநேரம் நின்றார். அவருடைய தோள்கள் குலுங்கின. திரும்பியபோது முகம் பேராசிரியைக்கு உரியதாகவே இருந்தது. நூறாண்டு நிறைவு என்று தாளிலேயே இருப்பதால் விதி மீறப்படவில்லை என்று தீர்ப்பளித்தார். ஆனால் எழுத்தில் இல்லாமல் கணித்தறிந்த ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் இடுவது மரபு, கணித்தவர் பெயரும் வேண்டும் என்றார்.

“இந்தத் தாளுக்கு நம்ம ஊர்ல என்னென்ன நடந்துச்சோ அதையும் எழுதிருங்க சார். அதுவும் இதோட வரலாறுதான்.”

வடையையும் எழுத வேண்டுமா என்று கேட்டேன். எண்ணெய்க் கறை எப்படி வந்தது என்று பார்வையாளர் கேட்பார்களே என்றார்.

அவ்வாறே பேழைக்குள் அட்டை வைக்கப்பட்டது: ‘விடுதலை நூற்றாண்டு விழா அறிவிப்பு, மேப்பிள்டன், அமெரிக்கா, [1876]. ஆண்டு கணித்தவர் திருமதி வெள்ளைத்தாய், நாரணாபுரம். பன்னிரண்டாக அரிந்தவர் திரு. கண்ணுச்சாமி, சிவகாசி. முதல் துண்டு வெடித்தது. ஏழாம் துண்டில் பருப்பு வடை இருந்தது. சேகரிப்பாளர் மு. முகம்மது நூகு, பி.ஏ.’

ஞாயிறன்று ஓலைச்சுவடிகளைவிடவும் செப்பேட்டுப் படிகளைவிடவும் என் பேழையின் முன்னேதான் கூட்டம் நின்றது. மாமு வந்தார். அட்டையை முழுவதும் படித்தார். வடை எந்தக் கடையுடையது என்று மட்டும் கேட்டார். வெள்ளைத்தாய் தம் கூடத்துப் பெண்கள் எண்மரோடு வேனில் வந்திறங்கினார். தம் பெயரை மும்முறை படித்துவிட்டு, 1876ஐ மட்டும் ஏன் கூண்டுக்குள் அடைத்திருக்கிறீர்கள் என்று வினவினார். கணித்த ஆண்டாகையால் சிறிது ஐயத்திற்கு இடமுண்டு என்பதற்கான குறி அது என்று விளக்கினேன்.

“நூறக் கூட்டுறதுல என்ன பாய் சந்தேகம்? எடுங்க அந்தக் கூண்ட.”

மரபை விளக்கப் பேராசிரியையே நேரில் வர வேண்டியதாயிற்று. இருவரும் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.

அக்கூட்டத்தினிடையே யாரோ “சேகரிப்பாளர் சார்” என்று அழைத்தார். எவரை அழைக்கிறார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான். பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் மாணவர்க்குக் காட்டுவதற்காக விதைப் பட்டியலைக் கேட்டார். தருவதாகக் கூறினேன். வேறு ஏதேனும் கூறினேனா என்பது நினைவில் இல்லை.

அவருக்கென விதைப் பட்டியலை மறுநாள் உறையிலிட்டேன். புதிய பேனா, நிறைய மை. பெற்ற பாடத்தை மறவாமல், பெயர்ச்சொல்லை முதலில் எழுதினேன். ‘ஆவணம், அரிய’ என்று எழுதி மேசைமேல் வைத்தேன். கண்ணுச்சாமி உறையைக் கையிலெடுத்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். இப்போதெல்லாம் அவர் கேளாமல் எதையும் செய்வதில்லை.

“பாய், இது எத்தனை துண்டு?” என்றார்.